பரிசலைத் தள்ளியவர்

ஆற்றின் இக்கரையில் ஒரு பெரிய பாறை. பாறைக்கு மேலே, வேப்ப மரத்தை ஒட்டி ஒரு குடில். அதில் தையலம்மை இருந்தார். முன்பு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவர். வேலையை விட்டு வந்து, காவி கட்டாமல், மந்திரம் சொல்லாமல், தேடி வருகிறவர்களுக்கு மோரும் பதிலும் கொடுத்துக்கொண்டிருந்தார். பதில் சில நாள் கிடைக்காது. மோர் எப்போதும் கிடைக்கும். ஊரார் அவரை டீச்சர் சாமி என்றார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். வையாபுரி என்று பெயர். குருவைவிட வயதில் மூத்தவர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஏட்டய்யா.

பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று சந்தேகப்படுவது உலக வழக்கம். பால்காரர் தண்ணீரே கலக்கவில்லை என்று தெரிந்தால், இதில் என்ன சூழ்ச்சி இருக்கும் என்று யோசிப்பது ஏட்டய்யாவின் வழக்கம். வீட்டில் எல்லோரும் சலித்துப் போனார்கள். அவருக்கே சலித்துப் போனது. அப்படித்தான் குடிலுக்கு வந்தார்.

“சந்தேகம் என்னை விட மாட்டேங்குது டீச்சரம்மா. நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்கு. எப்படி விடறது?”

“விட வேண்டாம் ஏட்டய்யா. நீங்க பாதிதான் சந்தேகப்படறீங்க. முழுசாப் பட்டுப் பாருங்க.”

ஏட்டய்யாவுக்கு இது புரியவில்லை. விடை தெரியாமல்தான் இந்த அம்மாள் இப்படிப் பேசுகிறார் என்று சந்தேகம் வந்தது. அதைக் கண்டுபிடித்துவிட்டுப் போகலாம் என்று தங்கினார். தங்கியவர் தங்கியவர்தான்.

அந்த ஊருக்குப் பாலம் கிடையாது. ஆஸ்பத்திரி, சந்தை, பஸ் எல்லாம் அக்கரையில். போக வரச் சென்னப்பனின் பரிசல்தான்; குடிலுக்குக் கீழே இருந்த பாறைதான் இறங்குதுறை. சென்னப்பன் அக்கரைக்காரன். பிழைப்புக்காக மனைவி மாதம்மாளோடு இக்கரையில் குடிசை போட்டிருந்தான். வட்டமான பரிசல், ஒரு துடுப்பு, இவ்வளவுதான் அவன் சொத்து.

முதலில் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் பரிசலிலிருந்து இறங்கும்போது ஆற்றில் விழுந்தார். அவசரமாகக் குதித்தார், விழுந்தார், மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஊர் ஏட்டய்யாவிடம் யோசனை கேட்டது. ஏட்டய்யா ஒரு முறையைச் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் இறங்கும்போது சென்னப்பன் அவர்கள் பக்கத்தில் நிற்கக்கூடாது. பரிசலின் எதிர் விளிம்பில் உட்கார வேண்டும். துடுப்பு மடியில், கைகள் இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி.

ஊர் அந்த முறையைப் பிடித்துக்கொண்டது. அடுத்ததாகக் கோயில் தர்மகர்த்தா விழுந்தார். அதற்குப் பிறகு ஊர்த் தலைவர் பொன்னுரங்கம் விழுந்தார். அவருக்குப் பாறையில் கால் அடிபட்டு எலும்பு முறிந்தது.

இனி ஊர் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். ஏட்டய்யா விசாரித்து வந்து சொல்ல வேண்டும். அவர் சொல்லுக்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். சென்னப்பன்தான் தள்ளினான் என்று அவர் சொன்னால் பரிசலைக் கொளுத்திவிட்டு அவனை ஊரைவிட்டு விரட்டிவிடுவார்கள்.

ஏட்டய்யா விசாரித்துவிட்டுக் குருவிடம் வந்தார். முகத்தில் பழைய வேலைக் களை திரும்பியிருந்தது.

“முடிஞ்சது டீச்சரம்மா. அவன்தான்.”

“எப்படித் தெரியும்?”

“விழுந்த எல்லாரும் பெரிய மனுசங்க. சின்ன ஆளு ஒருத்தன்கூட விழல. யோசிங்க.”

“யோசிக்கறேன். அப்புறம்?”

“எல்லாரும் கடைசியா எறங்கினவங்க. மத்தவங்க எறங்கிப் படியேறிப் போற வரைக்கும் காத்திருக்கான். சாட்சி இல்லாத நேரம் பாத்து வேலையக் காட்டறான்.”

“பெரிய மனுசங்க ஏன் கடைசியா எறங்கறாங்க?”

“மொதல்ல ஏறறாங்க, உள்ளார போய் உக்காந்துக்கறாங்க. அதனால கடைசி.”

“ஏன் மொதல்ல ஏறறாங்க?”

“அவங்களுக்கு முன்னால வேற யாரு ஏறுவா? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?”

“அப்ப அந்த மரியாதையைத்தான் நீங்க மொதல்ல பிடிச்சு உள்ளே வெச்சிருக்கணும்.”

ஏட்டய்யா சிரிக்கவில்லை. கையிலிருந்த பெரிய சாட்சியத்தை எடுத்து வைத்தார்.

“நாணல் புதருக்குப் பின்னால ஒளிஞ்சு நானே பாத்தேன். பொன்னுரங்கம் விழுந்தப்ப அவன் மடியில இருந்த துடுப்பு அசைஞ்சுது. தண்ணியில போட்டு ஒரு இழுப்பு இழுத்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“துடுப்பு முன்னாடி அசைஞ்சுதா, பரிசல் முன்னாடி அசைஞ்சுதா?”



“நான் துடுப்பை மட்டும்தான் பாத்துட்டிருந்தேன்.”

“ஏன்?”

“அவன்தான்னு தெரியுமே.”

தையலம்மை மோரை ஆற்றிக் கொடுத்தார். ஏட்டய்யா குடித்தார். இந்த அம்மாள் ஏன் அவன் பக்கம் பேசுகிறார் என்று குடிக்கும்போதே ஒரு யோசனை ஓடியது. சென்னப்பன் வாரத்துக்கு ஒருமுறை குடிலுக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுப்பது நினைவுக்கு வந்தது. கீரைக்கு விலை போகிற ஆளா இவர்? யார் கண்டது?

“அவன் ஆளுங்க?” என்றார் குரு.

“அக்கரை ஆளுங்க ஒருத்தரும் இந்தப் பாறையில விழுந்ததில்ல. அவங்கள மட்டும் பத்திரமா எறக்கி விடறான். இதுக்கு மேல என்ன வேணும்?”

“சென்னப்பனைக் கூப்பிடுங்க. பரிசலும் வரட்டும்.”

உச்சி வெயில் சாய்ந்திருந்தது. சென்னப்பன் வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. மாதம்மாளும் பின்னாலேயே வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் தள்ளலீங்க ஏட்டய்யா. மாரியாத்தா சத்தியமுங்க.”

“அப்ப எப்படி விழுந்தாங்க?”

“அதான் எனக்கும் தெரியலீங்க. ஆத்துல ஏதோ கெட்டது இருக்குதோ என்னமோ. பரிசல் பின்னால வழுக்கிட்டுப் போவுது. நான் துடுப்பப் போட்டு முன்னால கொண்டாரப் பாக்கறனுங்க. அதுக்குள்ள அவங்க தண்ணியில.”

ஏட்டய்யா குருவைப் பார்த்தார். எல்லா ஆட்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அந்தப் பார்வை சொன்னது.

தையலம்மை வேப்ப மர நிழலில் உட்கார்ந்தார்.

“ஏட்டய்யா, நீங்களே பரிசல்ல ஏறுங்க. தனியா. அங்கிருந்து பாறைக்கு எறங்குங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“இவன்?”

“இவனை எங்கே வைக்கணுமோ அங்கே வையுங்க.”

ஏட்டய்யாவுக்கு இது பிடித்திருந்தது. சென்னப்பனைப் பாறையின் உச்சியில் உட்கார வைத்தார். இரண்டு கையையும் தலைமேல் வைக்கச் சொன்னார். துடுப்பை வாங்கித் தானே மரத்தில் சாய்த்து வைத்தார். மாதம்மாளை அவனுக்கு எட்டாத தூரத்தில் நிற்க வைத்தார். பரிசலின் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கரையில் போட்டார். அடியில் வேறு கயிறு கட்டியிருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். நாணலுக்குள் யாராவது இருக்கிறார்களா என்று கல்லெறிந்தும் பார்த்தார். ஒரு கொக்கு பறந்து போனது.

பிறகு பரிசலில் ஏறி, ஒரு கையால் பாறையைப் பிடித்தபடி குந்தி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஆறு ஆழம். பரிசல் தரை தட்டாமல் மிதந்துகொண்டிருந்தது.

“எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சா?” என்று மேலிருந்து கேட்டார் தையலம்மை.

“ஆச்சு.”

“என்னையும்?”

“உங்களையும்தான் டீச்சரம்மா. மன்னிக்கணும். கை ரெண்டும் தெரியற மாதிரி வெச்சுக்குங்க.”

தையலம்மை கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“இன்னும் ஒருத்தர் பாக்கி. சரி, எறங்குங்க.”

ஏட்டய்யா பாறையை விட்டுவிட்டு எழுந்து நின்றார். பரிசல் லேசாக ஆடியது. இதில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்றே அவர் மனம் சொன்னது. எதுவாக இருந்தாலும் அதற்கு அகப்படாமல் ஒரே தாவாகத் தாவிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். விளிம்பில் காலை ஊன்றி, பலத்தையெல்லாம் திரட்டித் தாவினார்.

பாறை எட்டவில்லை. ஏட்டய்யா தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தார்.

மேலே வந்து, பாறை இடுக்கில் விரலைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டு, மூச்சு வாங்குவதற்கு முன்னால் திரும்பிப் பின்னால் பார்த்தார். போலீஸ்காரர் அல்லவா!

பரிசலில் யாரும் இல்லை. அது வெறுமனே, முதுகைக் காட்டாமல் விலகிப் போகிற ஆளைப் போல, ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. சென்னப்பனின் கைகள் தலைமேல்தான் இருந்தன. வாய் திறந்திருந்தது.

“யாரு தள்ளினது?” என்றார் தையலம்மை.

“யாரும் தள்ளல. பரிசல் பின்னால போயிடுச்சு.”

“தானாப் போச்சா? நீங்க அனுப்பினீங்களா?”

ஏட்டய்யா பாறையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“தாவறதுக்கு எதை மிதிச்சீங்க?”

“பரிசலை.”

“எந்தப் பக்கமா மிதிச்சீங்க?”

ஏட்டய்யா தண்ணீருக்குள் தன் காலைப் பார்த்தார். அந்தக் காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் சோதித்திருந்தார்.

“பின்னால” என்றார்.

“இந்தப் பாறையில நின்னு தாவினா பாறை பின்னால போகுமா?”

“பாறை எப்படிப் போகும்? அது கனம்.”

“பரிசல்?”

பரிசல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. ஏட்டய்யாவின் கால் அதை விட்டு எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் அது நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி நீரோட்டம் வேகமாகச் சுழித்துக்கொண்டிருந்தது.

“ஏட்டய்யா,” என்றான் சென்னப்பன், “கைய எறக்கிக்கலாமுங்களா? பரிசல் போவுது. சுழிப்புல மாட்டிக்கிச்சுன்னா அவ்வளவுதானுங்க.”

“எறக்குப்பா, எறக்கு” என்றார் ஏட்டய்யா. இதற்கும் அனுமதிக்காகக் காத்திருந்தானே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

சென்னப்பன் குதித்து நீந்திப் போனான். பரிசலுக்கு அந்தப் பக்கம் சென்று, நெஞ்சைக் கொடுத்து எதிரே தள்ளினான். பரிசல் தயங்கியது, நின்றது, பிறகு மெதுவாகக் கரைப் பக்கம் திரும்பியது.

அடுத்த முறை சென்னப்பனும் மாதம்மாளும் பரிசலுக்குள் உட்கார்ந்தார்கள். கையை மடக்கிக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னார் குரு. ஏட்டய்யா அதேபோலத் தாவினார். பரிசல் கொஞ்சம்தான் விலகியது. முழங்கால் சிராய்த்தாலும் பாறையைப் பிடித்துவிட்டார்.

“இப்ப ஏன் கம்மியாப் போச்சு?”

“உள்ள ஆள் இருக்கு. கனம்.”

“அப்ப கடைசியா எறங்கறவருக்கு?”

ஏட்டய்யா ஈர வேட்டியோடு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவர் துடைத்துத் துடைத்து வைத்திருந்த சாட்சியம் ஒன்று அங்கேயே உடைந்தது.

“இன்னொரு தடவை” என்றார் குரு. “சென்னப்பா, உன் ஆளுங்களை எப்படி எறக்குவியோ அப்படி எறக்கு.”

சென்னப்பன் தயங்கினான். “ஏட்டய்யா பக்கத்துல வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க.”

“வாப்பா” என்றார் ஏட்டய்யா.

சென்னப்பன் ஒரு கையால் பாறை இடுக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மற்றக் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடிப்பதா என்று ஏட்டய்யா ஒரு கணம் யோசித்தார். பழக்கம் சும்மா போகுமா? பிறகு பிடித்தார். ஒரு காலைப் பாறையில் வைத்தார். அது நன்றாக ஊன்றிய பிறகு மற்றக் காலை எடுத்தார். பரிசல் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஏட்டய்யா எழுந்து நின்று சொன்னார்.

“சென்னப்பன் தள்ளல.”

கட்டிலோடு தூக்கி வந்து வைக்கப்பட்டிருந்த பொன்னுரங்கம், கட்டுப் போட்ட காலைக் காட்டினார். “அப்ப நானே என்னைத் தள்ளிக்கிட்டனா?”

“நீங்க பரிசலைத் தள்ளினீங்க தலைவரே. நீங்க அதைப் பின்னால தள்ளினீங்க, அது உங்களை முன்னால தள்ளுச்சு. ரெண்டும் சமம். அது லேசு, அதனால வேகமா நழுவிடுச்சு. நீங்க கனம், உங்களுக்கு வேகம் பத்தல. பாறை எட்டல. நானும் விழுந்தேன். பரிசல்ல ஒரு ஈ காக்கா இல்ல.”

கூட்டம் சிரித்தது. ஏட்டு கீரைக்கு விலை போய்விட்டார் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ஏட்டய்யாவின் காதில் நன்றாகவே விழுந்தது. அவர் வாழ்நாளில் முதல் முறையாகச் சந்தேகத்தின் இந்தப் பக்கத்தில் நின்றார். சுருக்கென்றிருந்தது.

கடைசியில், சாட்சி இல்லாததால் சென்னப்பன் பரிசல் ஓட்டிக்கொள்ளலாம் என்று கூட்டம் சொன்னது.

“ஆனா அந்த முறை இருக்கட்டும்” என்றார் பொன்னுரங்கம். “எதிர் விளிம்பு. மடியில துடுப்பு. கை ரெண்டும் தெரியணும்.”

“அந்த முறையச் சொன்னது நான். தப்பாச் சொல்லிட்டேன். அதை எடுத்துடுங்க.”

“இருக்கட்டும் ஏட்டய்யா. எதுக்கும் நல்லது.”

கூட்டம் கலைந்தது. ஏட்டய்யா குடிலுக்கு வந்து படுத்தார். நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கினார். நெஞ்சில் முள் இல்லை. சந்தேகம் போய்விட்டது என்று மறுநாள் குருவிடம் சொன்னார். தையலம்மை சரி என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழிந்தது. ஒரு காலை, பாறையடியில் சட்டி பானை உரசும் சத்தம் கேட்டு ஏட்டய்யா இறங்கிப் போனார். பரிசலில் பாயும் அரிசிப் பானையும் இருந்தன. மாதம்மாள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“எங்கப்பா?”

“அக்கரைக்கேதானுங்க. அங்கிருந்து அணைப் பக்கம், மீன் புடிக்க.”

“ஏன்? உன்மேல குத்தமில்லன்னு ஊரறியச் சொல்லியாச்சே.”

“சொன்னீங்க. நல்லா இருப்பீங்க.” சென்னப்பன் கயிற்றை அவிழ்த்தான். “ஆனா எறங்கறவங்க பாறையப் பாத்து எறங்கறதில்லீங்க ஏட்டய்யா. என் கையப் பாத்துட்டே எறங்கறாங்க. முன்னாடி பெரியவங்க மட்டும்தான். இப்ப பொம்பளைங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, எல்லாரும். என்னைப் பாத்து மெரண்டு தாவறாங்க. நான் கட்டிப்போட்ட மாதிரி அந்தப் பக்கம் உக்காந்திருக்கறேன். நேத்து ஒரு புள்ள விழப் பாத்துது. எதாச்சும் ஒண்ணு ஆயிடுச்சுன்னா?”

சென்னப்பன் பாறையைத் துடுப்பால் ஒரு ஊன்று ஊன்றினான். பரிசல் விலகியது.

ஏட்டய்யா மேலே ஓடினார். மூச்சிரைக்க வேப்ப மரத்தடியில் வந்து நின்றார்.

“போறான் டீச்சரம்மா. நான்தான் எல்லாத்தையும் விட்டுட்டேனே. என் மனசுல இப்ப அவன்மேல ஒரு துளி சந்தேகம் இல்ல. தப்பாச் சொன்னேன்னு கூட்டத்துலயே ஒத்துக்கிட்டேன். அப்புறமும் ஏன் போறான்?”

தையலம்மை ஆற்றைப் பார்த்தார். பரிசல் சுழிப்பைச் சுற்றிக்கொண்டு அக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மாதம்மாள் குடிசை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நீங்க காலை எடுத்ததும் பரிசல் நின்னுடுச்சா, ஏட்டய்யா?”

ஏட்டய்யா செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைக்கு வந்தார். தாவாமல், ஒவ்வொரு காலாக வைத்துத் தண்ணீரில் இறங்கி, பரிசலுக்கு அந்தப் பக்கம் போக நீந்தினார்.